சியாம் களைத் தண்டில் புடைப்பைக் கண்டால் வெட்டாதீர்கள், வலை கட்டுங்கள்

வவுணதீவில் எங்கள் காணியின் வேலியோரத்தை மூடி வளரும் சியாம் களையின் தண்டில் புடைப்பு ஏதேனும் தென்பட்டால், உள்ளே இருப்பது அக்களையை அடக்கும் செசிடோகாரிஸ் கொனெக்சா என்னும் ஈயா என்று வீட்டிலேயே சோதித்தறியும் முறை இது. பெங்களூரில் பூச்சியியல் படித்த காலத்தில் இதைக் கற்றேன். கொலம்பியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்த ஈ, 1995 இல் இந்தோனேசியாவிலும் 2005 இல் பெங்களூரிலும் களைக்கு எதிராக விடப்பட்டது. பழ ஈக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றதும் பாகற்பந்தலை எண்ணி அஞ்ச வேண்டாம். இது களையின் மொட்டிலே முட்டையிடுகிறது, புழு உண்ணும் இடத்தில் தண்டு புடைத்து, கொழுந்துக்கும் பூவுக்கும் போகவேண்டிய சத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது.

முதற்படி: புடைத்த தண்டுகள் சிலவற்றில் நிறநூல் கட்டி, தேதியைக் குறித்துவையுங்கள்.

இரண்டாம் படி: இங்கேதான் நான் தவறினேன். ஆவலில் பச்சைப் புடைப்பை வெட்டி ஜாம் போத்தலில் அடைத்தேன். சில நாட்களிலேயே தண்டு வாடிப் பூஞ்சணம் பிடித்தது, புழுக்களும் இறந்தன. முட்டை ஈயாவதற்கு ஏறத்தாழ 60 நாட்கள் ஆகும். அதுவரை தண்டு உயிரோடிருக்க வேண்டும். ஆகவே, நிற்கும் செடியிலேயே நுளம்பு வலைத் துண்டைப் பைபோல மாட்டி, மேலும் கீழும் நூலால் கட்டுங்கள். பொலித்தீன் உள்ளே வியர்ப்பதால் அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். முதிர்ந்த புழு கூட்டுப்புழுவாகுமுன் வெளித்தோல் வரை குடைந்துவந்து, மெல்லிய தோலை மட்டும் விட்டுவைக்கும். உருப்பெருக்குக் கண்ணாடியில் அது சிறிய யன்னல்போலத் தெரியும். அதைக் கண்ட பின்னரே வெட்ட வேண்டும்.

மூன்றாம் படி: வெட்டிய தண்டை நீர்ப்போத்தலில் நிறுத்தி, வலையால் மூடி, நிழலில் வையுங்கள். வெளிவரும் ஈயின் இறக்கைகளில் கருமையான பட்டைகள் இருந்தால் படமெடுத்து, ஈயையும் மதுசாரத்தில் இட்டு, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

பின்னர்ச் சேர்த்தது: காரைதீவு வாசகர் ஒருவர், தம் வலைக்குள் சின்னஞ்சிறு கரிய பூச்சிகளே வந்தன என்று எழுதியிருந்தார். இறக்கைகளை எண்ணிப் பாருங்கள்: ஈக்கு இரண்டு, குளவிக்கு நான்கு. நான்காயின், அவை புடைப்பினுள் இருந்த புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவிகளாக இருக்கலாம். அவற்றையும் மதுசாரத்தில் சேர்த்துவையுங்கள், அதே செடியின் மற்றப் புடைப்புகளிலுள்ள வலைகளை அவிழ்க்காதீர்கள்.