எல்298என் மோட்டார் டிரைவர்: பவரை முதலில் சரி செய்யுங்கள்

ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டின் சிக்னலைக் கேட்டு, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்குத் தரும் போர்டுதான் எல்298என் டிரைவர். மோட்டார் சுற்றவில்லை என்றதும் பலரும் புரோகிராமைத்தான் நோண்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் பவர் பக்கம்தான் இருக்கும்.

பேட்டரி பாசிட்டிவை 12வி டெர்மினலிலும் நெகட்டிவை கிரவுண்டிலும் முடுக்குங்கள். அதே கிரவுண்டிலிருந்து இன்னொரு ஒயர் ஆர்டுயினோவின் கிரவுண்டுக்குப் போயே ஆக வேண்டும். அதை விட்டால் டிரைவருக்கு சிக்னல் புரியாது. மோட்டார் அசையாது, இல்லையென்றால் விட்டுவிட்டுத் துடிக்கும்.

எத்தனை வோல்ட் கொடுப்பது? இந்தச் சிப்பில் இருப்பவை பழைய பாணி டிரான்சிஸ்டர்கள். 1 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 2 வோல்ட்டை அவையே விழுங்கி வெப்பமாக்கிவிடும். நான்கு ஏஏ செல் போட்டால் 6 வோல்ட்டில் மோட்டாருக்கு மிஞ்சுவது 4தான். 6 வோல்ட் மோட்டாருக்கு, சீரியலில் இரண்டு 18650 லித்தியம் செல்கள் (7.4 வோல்ட்) கச்சிதம். சதுர 9 வோல்ட் பேட்டரி வேண்டவே வேண்டாம்; மோட்டார் கேட்கும் கரண்ட்டை அதனால் தர முடியாது.

டெர்மினலுக்குப் பின்னால் உள்ள ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சிறு மூடி), போர்டிலேயே 5 வோல்ட் தயாரிக்கும் ரெகுலேட்டருக்கானது. சப்ளை 12 வோல்ட் வரை என்றால் இருக்கட்டும். அப்போது 5வி டெர்மினலில் மின்சாரம் வெளியே வரும், உள்ளே எதையும் கொடுக்கக் கூடாது. 12ஐத் தாண்டினால் ஜம்பரைக் கழற்றி, வெளியிலிருந்து 5 வோல்ட் கொடுங்கள். சப்ளை 7 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்த 5 வோல்ட்டும் சரியும். அதில் ஆர்டுயினோ ஓடினால், மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு முறையும் ரீசெட் ஆகும்.

வேகத்தைக் கட்டுப்படுத்த, மோட்டாருக்கு ஒன்றாக உள்ள இஎன்ஏ, இஎன்பி ஜம்பர்களைக் கழற்றி, அந்தப் பின்களை ஆர்டுயினோ ஊனோவின் 5, 6இல் இணையுங்கள். சுற்றும் திசையைச் சொல்லும் ஐஎன்1 முதல் ஐஎன்4 வரை எந்த டிஜிட்டல் பின்னிலும் போகலாம். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்தால் மின் இரைச்சல் அடங்கும்.

மோட்டாரை மாட்டும் முன் அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து ஓம் பாருங்கள். அச்சைக் கையால் மெல்லத் திருப்பித் திருப்பி அளந்து, மிகக் குறைந்த எண்ணை எடுங்கள். 6 வோல்ட்டில் 4 ஓம் என்றால், சக்கரம் சிக்கி நிற்கும்போது 1.5 ஆம்பியர் இழுக்கும். ஒரு சேனல், அதாவது ஒரு மோட்டாருக்கான வெளியீடு, தாங்குவது 2 ஆம்பியர். கணக்கு அதைத் தாண்டினால் இந்த போர்டு அந்த மோட்டாருக்கு ஆகாது.