விதிவிலக்கு நிலை: அகம்பெனைக் கையில் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரடங்கு, இணைய முடக்கம், விசாரணை இல்லாத காவல் என்று எது வந்தாலும் இத்தாலிய மெய்யியலாளர் ஜார்ஜோ அகம்பெனின் ‘விதிவிலக்கு நிலை’ பேச்சுக்குள் வந்துவிடுகிறது. நெருக்கடியைக் காட்டி அரசு சட்டத்தை நிறுத்திவைக்கிறது, தற்காலிகம் என்று வந்தது அப்படியே தங்கிவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ஜெர்மனியில் 1933 பிப்ரவரி 28 அன்று தனிமனித உரிமைகளை நிறுத்திவைத்த ஆணை, நாஜி ஆட்சியின் 12 ஆண்டுகளிலும் திரும்பப் பெறப்படவே இல்லை. வலுவான வாதம்தான். கையாளும்போதுதான் சறுக்குகிறோம்.

பெரிய சறுக்கல் அகம்பெனுடையதே. 2020 பிப்ரவரி 26 அன்று ‘இல் மானிஃபெஸ்தோ’ நாளிதழில், கொரோனா சாதாரணக் காய்ச்சல் போன்றதுதான், பயங்கரவாதம் என்ற சாக்கு தீர்ந்துபோனதால் அரசுக்கு இது தோதாகிவிட்டது என்ற தொனியில் எழுதினார். மார்ச் 18 அன்று இத்தாலியின் பெர்கமோ நகரிலிருந்து சவப்பெட்டிகளை ராணுவ லாரிகள் ஏற்றிப் போயின. அந்தக் கட்டுரைக்கு அவருடைய நண்பரான பிரெஞ்சு மெய்யியலாளர் ழான்-லுக் நான்சி சொன்ன பதில் சுருக்கென்று தைக்கும்: ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு இதயமாற்று சிகிச்சை வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள், அவர்கள் பேச்சைக் கேட்காதே என்றார் அகம்பென், கேட்டிருந்தால் அப்போதே செத்திருப்பேன். அரசு நெருக்கடியைப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது வேறு, நெருக்கடியே பொய் என்பது வேறு. முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதை நிரூபித்ததாக நினைக்கக் கூடாது.

சரி, அவர் தவறிவிட்டார் என்று எல்லாவற்றையும் தூக்கிப் போடுவதும் அதே அளவு சோம்பேறித்தனம்.

அடுத்தது, பிரகடனத்துக்காகக் காத்திருப்பது. இந்தியாவில் 1975 ஜூன் 25 அன்று நடந்ததுபோல யாராவது அறிவித்தால்தான் நெருக்கடி நிலை என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கையைப் பாருங்கள். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று வந்தது, 1982இல் நிரந்தரமானது. அவசரகாலச் சட்டத்தை மாதாமாதம் நாடாளுமன்றத்தில் நீட்டிக்க வேண்டும், இதற்கு அந்தத் தொல்லையும் இல்லை. 2011இல் அவசரகாலச் சட்டம் போனது, இது போகவில்லை. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க இது இடம் தருகிறது. வழக்கமான சாட்சியச் சட்டம் அனுமதிக்காத விஷயம் இது. அகம்பென் சொன்னதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், உரத்த அறிவிப்புகளைவிட இப்படிப்பட்ட ஒரு பிரிவை உட்கார்ந்து படிப்பது மேல்.

அகம்பென் எடுத்தாளும் ஜெர்மன் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மித் விஷயத்திலும் கவனம் தேவை. விதிவிலக்கைத் தீர்மானிப்பவனே இறையாண்மை உடையவன் என்று 1922இல் எழுதியவர், 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அவரைப் படிக்கவே கூடாது என்பதில்லை. ஆனால் அந்த வரியைப் பற்றற்ற விளக்கம்போல மேற்கோள் காட்டுபவர்கள், அவர் அதை வரவேற்றார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, எல்லோரும் சமமாக ‘வெற்று உயிர்’, அதாவது சட்டப் பாதுகாப்பெல்லாம் பறிபோய் உயிர் மட்டும் மிஞ்சியவர்கள், ஆகிவிட்டோம் என்ற பேச்சு. இதில் எனக்கு அகம்பென் மீதே குறை உண்டு. இலங்கைச் சட்டம் முதலில் குறிவைத்தது தமிழ் இளைஞர்களை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம்களைப் பெருமளவில் பிடித்தது. 2022 மக்கள் போராட்டம் அடங்கியதும் மாணவத் தலைவர்கள் மீது பாய்ந்தது. யார் மீது, ஏன் இந்த வரிசையில் என்பதை அவருடைய கோட்பாட்டிலிருந்து வரவழைக்க முடியாது. அதற்கு இலங்கையின் இன அரசியல் வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும்.