ஒரே கம்ப்யூட்டரில் இருவர் விளையாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நான் அமுக்கினேன், அதுதான் குதிக்கல." ஒரே மாலையில் என் தங்கை இதைப் பத்து முறையாவது சொல்லியிருப்பாள். லேப்டாப்பில் ஒரே கீபோர்டு. எனக்கு அம்புக்குறி பட்டன்கள், அவளுக்கு இடது பக்க எழுத்துகள். நான் நம்பவே இல்லை. "நேரம் பார்த்து அமுக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் நோட்பேடைத் திறந்து பார்த்தோம். மேல் அம்பையும் இடது அம்பையும் நான் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அவளை டபிள்யூவைத் தட்டச் சொன்னேன். எழுத்து விழவில்லை. விரல்களை எடுத்துவிட்டு மறுபடி தட்டச் சொன்னேன், விழுந்தது. அவள் சொன்னது முழு உண்மை.

இருவர் விளையாட்டில் மிகப் பெரிய தவறு இதுதான்: கருவியின் குறையைப் பக்கத்தில் இருப்பவரின் தலையில் போடுவது. சாதாரண கீபோர்டில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனி வயர் கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகள் சந்திக்கும் இடங்களில்தான் பட்டன்கள் இருக்கின்றன. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை ஒரே நேரத்தில் அமுக்கினால், நான்காவது மூலையும் அமுங்கியதுபோல் கீபோர்டுக்குத் தோன்றும். அந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் பல கீபோர்டுகள் அப்படிச் செவ்வகத்தில் விழும் மூன்றாவது பட்டனைக் கண்டுகொள்வதே இல்லை. எந்த இரண்டு பட்டனும் சேர்ந்து வேலை செய்யும். மூன்றாவது வேலை செய்வது அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஒருவர் விளையாடும்போது இது அவ்வளவாகத் தெரியாது. இருவரின் விரல்கள் சேரும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. மூலையில் கிடக்கும் பழைய யூஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் செருகி, ஒருவர் அதில் ஆடலாம். இரண்டு கீபோர்டுக்கும் உள்ளே தனித்தனி இணைப்பு என்பதால், ஒருவர் அமுக்குவது மற்றவரைத் தடுக்காது. ஆனால் பெரும்பாலான ஆட்டங்களுக்கு எது யாருடைய கீபோர்டு என்று தெரியாது, இரண்டும் சேர்ந்து ஒன்றாகத்தான் தெரியும். அதனால் ஆளுக்கு வேறு வேறு பட்டன்கள் என்ற ஏற்பாட்டை மாற்றிவிடாதீர்கள். இன்னொரு கீபோர்டு இல்லையென்றால் ஷிஃப்ட், கன்ட்ரோல் பட்டன்களுக்கு ஒருவருடைய வேலையை மாற்றிப் பாருங்கள். அவற்றுக்குப் பெரும்பாலும் தனி வழி இருப்பதால் இந்தத் தடை வருவதில்லை.

ஷிஃப்டைப் பயன்படுத்தினால் விண்டோஸில் ஒரு முன்வேலை இருக்கிறது. அதை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் (சேர்த்து அமுக்க வேண்டிய பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்க உதவும் வசதி) வேண்டுமா என்று ஒரு பெட்டி வந்து ஆட்டத்தை மறைக்கும். வலது ஷிஃப்டை எட்டு விநாடி பிடித்திருந்தால் ஃபில்டர் கீஸ் (சட்டென்று தட்டுவதைக் கண்டுகொள்ளாத வசதி) வரும். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குப் போய் இந்தக் குறுக்குவழிகளை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.

அப்புறம், ஆட்டத்தை வாங்கும்போது நடக்கும் தவறு. மல்டிபிளேயர் என்று போட்டிருந்தாலே ஒரே திரையில் ஆடலாம் என்று அர்த்தமில்லை. பல ஆட்டங்களில் ஆளுக்கொரு கம்ப்யூட்டரும் இணையமும் வேண்டும். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கினால் ஷேர்டு அல்லது ஸ்பிளிட் ஸ்கிரீன் (ஒரே திரையைப் பகிர்வது அல்லது பிரிப்பது) என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 2021இல் வந்த இட் டேக்ஸ் டூ என்ற ஆட்டம் இருவருக்காகவே செய்யப்பட்டது, தனியாக ஆடவே முடியாது. அதிலும்கூட, ஒரே கம்ப்யூட்டரில் ஆட ஒரு கன்ட்ரோலராவது (கையில் பிடித்து ஆடும் கருவி) இருக்க வேண்டும். இரண்டு பேரும் கீபோர்டிலேயே ஆடலாம் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

கன்ட்ரோலர்களை ஆட்டத்தைத் திறப்பதற்கு முன்பே இணைத்துவிடுவது நல்லது. சில ஆட்டங்கள் நடுவில் செருகியதைக் கவனிக்காது. ஒருவர் கீபோர்டு, ஒருவர் கன்ட்ரோலர் என்றால், இரண்டையும் முதல் ஆளுடையதாகவே எடுத்துக்கொள்ளும் ஆட்டங்களும் உண்டு. யாருக்கு எது என்று மாற்றும் இடம் செட்டிங்ஸில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

திரையை இரண்டாகப் பிரித்தால், ஒரே காட்சியை இரண்டு கோணங்களில் கம்ப்யூட்டர் வரைய வேண்டியிருக்கிறது. தனியாக ஆடும்போது சீராக ஓடியது இப்போது திணறினால் காரணம் அதுதான். நிழல்களின் தரத்தைக் குறையுங்கள், போதாவிட்டால் ரெசல்யூஷனையும் (படத்தின் நுணுக்க அளவு). டிவியில் இணைத்து ஆடுகிறீர்கள் என்றால் டிவியின் கேம் மோடைப் போடுங்கள். இல்லாவிட்டால் அமுக்கியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே தாமதம் தெரியலாம்.

உட்காரும் இடத்தை யாரும் யோசிப்பதில்லை. 1962இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிடிபி-1 என்ற கம்ப்யூட்டருக்காக ஸ்பேஸ்வார் என்ற இருவர் விளையாட்டை எழுதினார்கள். முதலில் கம்ப்யூட்டரின் முன்பக்க ஸ்விட்சுகளை வைத்தே ஆடினார்கள். அவை திரைக்கு ஒரு பக்கமாக இருந்ததால் ஒருவருக்குத் திரை சரியாகத் தெரியாது, முழங்கையும் வலிக்கும். பிறகு ஆளுக்கொரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்துகொண்டார்கள். இன்றைக்கும் லேப்டாப்பின் சொந்தக்காரர் நடுவில் உட்கார்ந்துகொள்கிறார், வந்தவர் ஓரத்திலிருந்து எட்டிப் பார்க்கிறார். லேப்டாப்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, திரையின் நடு இருவருக்கும் இடையில் வரும்படி வையுங்கள்.

நன்றாக வேலை செய்யும் கன்ட்ரோலரைப் புதியவருக்குக் கொடுங்கள். பழகிய கைக்கு ஒட்டிக்கொள்ளும் பட்டனைச் சமாளிக்கத் தெரியும், புதியவருக்குத் தெரியாது. இருவருக்கும் ஒரே கேமரா உள்ள ஆட்டங்களில் தெரிந்தவர் முன்னால் ஓடினால், பின்னால் இருப்பவர் திரையைவிட்டே காணாமல் போவார். அவர் பின்னே போங்கள். "குடு, நான் பண்றேன்" என்று கையிலிருந்து பிடுங்குவதை மட்டும் செய்யாதீர்கள். அவரே நீட்டினால் வாங்கி, அந்த ஒரு இடத்தைத் தாண்டிவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சேவ், அதாவது ஆட்டத்தை விட்ட இடத்தின் பதிவு, பெரும்பாலும் முதல் ஆளின் கணக்கில்தான் இருக்கும். மற்றவர் இல்லாத நேரத்தில் அவருக்குத் தனியாக இரண்டு லெவல் ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும். அடுத்த நாள் ஆசையாக வந்து உட்காருபவருக்கு, கதை எங்கேயோ போயிருக்கும். கை நிற்கவில்லை என்றால் வேறொரு சேவில் புதிதாக ஆரம்பித்து ஆடுங்கள். இருவரும் சேர்ந்து விட்ட இடம் விட்டபடியே இருக்கட்டும்.