பங்க் குழு தொடங்கும் சிங்கப்பூர்த் தமிழ் இளையர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட்டாரில் மூன்று கார்டு (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) தெரிந்தால் போதும், வேகமும் கோபமும் நிறைந்த பங்க் ராக் குழு தொடங்கிவிடலாம். இந்த இசை எனக்குப் பிடித்ததே அதனால்தான். நம்மூரில் குழுக்கள் கலைவது பெரும்பாலும் பேச வேண்டியதைப் பேசாமல் விடுவதால்.

பேச வேண்டியவற்றில் முதலாவது தேசிய சேவை. ஈராண்டு முழுநேரம். நண்பர்கள் நால்வர் சேர்ந்தால் நால்வருக்கும் ஒரே மாதத்தில் அழைப்பு வராது. தொடக்கக் கல்லூரி முடித்தவர் ஒரு சமயம் போவார், பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்தவர் இன்னொரு சமயம். டிரம்மர் அடிப்படைப் பயிற்சிக்குத் தெக்கோங் தீவுக்குப் போன பிறகு கூடிப் பேசினால் பேச்சு சண்டையில்தான் முடியும். யார் எப்போது போகிறார், அதுவரை யார் வாசிப்பார், திரும்பி வந்தால் இடம் உண்டா என்பதைக் குழு சேரும்போதே முடிவு செய்யுங்கள். முதல் ஆள் கிளம்புவதற்குள் இருக்கிற பாடல்களைக் கைப்பேசியிலாவது பதிவு செய்துவிடுங்கள். மாற்று டிரம்மர் வந்தால் கற்றுக்கொள்ள அதுவே போதும்.

குழுக்கள் ஒத்திகை பார்க்கும் ஜாமிங் ஸ்டூடியோவில் நடப்பது அடுத்த தவறு. மணிக்கணக்கில் வாடகை, சின்ன அறை. கிட்டார்காரர் ஆம்பை (ஒலிபெருக்கியை) கொஞ்சம் ஏற்றுவார், பேஸ்காரர் அதற்கு மேல் ஏற்றுவார், பாடுபவர் தொண்டை கிழியக் கத்துவார், மைக் கூவும். டிரம்ஸைக் குறைக்கக் குமிழ் கிடையாது. ஆகவே அதன் சத்தத்தையே அளவுகோலாக வைத்து மற்றவர்கள் ஒலியைக் குறையுங்கள். மைக்கை ஸ்பீக்கரை நோக்கிப் பிடிக்காதீர்கள். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை முழுக்க ஏற்றினால் மூன்று கார்டும் ஒரே இரைச்சலாகிவிடும், பாதி போதும். காதடைப்பான் இல்லாமல் உள்ளே போகவே வேண்டாம். போன கேட்புத்திறன் திரும்பி வராது. வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு அமைதி நேரம். பகலிலும் டிரம்ஸுக்குப் பதில் ரப்பர் பேடில் பழகுவதே அக்கம்பக்கத்தாருக்கு நாம் காட்டும் மரியாதை.

லண்டன் குழுக்களின் 1977ஆம் ஆண்டுக் கோபத்தை அப்படியே எடுத்துப் பாடுவதுதான் என்னை மிகவும் வருத்தும் தவறு. அவர்கள் தங்கள் ஊர் வேலையின்மையைப் பாடினார்கள். துணைப்பாட வகுப்பு, தேர்வு முடிவு, வாடகைக்கு வீடு கேட்டால் இனம் கேட்கும் குரல் என நமக்கு நம்முடையது இருக்கிறது. அதைத் தமிழில் பாடுங்கள். க்க, ட்ட, ப்ப என்று நம் வல்லினம் இரட்டிக்கும்போது வேகமான தாளத்தில் அது தானே அடிக்கும். நெடிலை இழுத்தால் சினிமாப் பாட்டாகிவிடும். குறுகிய சொற்களாகத் தேடுங்கள். சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா, கனமான ராக் வகையான மெட்டல் வாசிக்கும் குழு, பங்க் அல்ல. ஆனாலும் இங்கிருந்தபடியே ஆங்கிலத்தோடு சமஸ்கிருதத்திலும் பாடி வெளிநாட்டு ரசிகர்களைச் சேர்த்தது. தமிழுக்கு மட்டும் ஏன் தயக்கம்?

யாராவது வந்து வாய்ப்புத் தருவார் என்று காத்திருக்காதீர்கள். ‘பிக்ஓ’ என்ற உள்ளூர் ராக் இசை இதழ் 1985இல் நகலெடுத்த தாள்களாகத்தான் பிறந்தது. ‘ஆப்பொசிஷன் பார்ட்டி’ என்ற உள்ளூர் பங்க் குழு அடுத்த ஆண்டே வந்தது. நாடகக் கலைஞர் குவோ பாவ் குன் 1990இல் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் தொடங்கிய சப்ஸ்டேஷன் கலை மையம் பல குழுக்களுக்கு மேடை தந்தது. 2021இல் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறியது. அதோடு எல்லாம் முடிந்ததென்று சொல்பவர்களை நம்பாதீர்கள். எஸ்பிளனேடின் பேபீட்ஸ் இசை விழா புதிய குழுக்களைத் தேடுகிறது. சிறிய இடங்களிலும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. நீங்களே ஏற்பாடு செய்தால் உரிமம் வேண்டுமா என்று இடத்துக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். அன்று மாலை கேட்டால் நிகழ்ச்சியே நின்றுபோகலாம்.

உங்கள் பகுதி முடிந்ததும் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு சாப்பிடக் கிளம்பிவிடாதீர்கள். கடைசிக் குழு வாசித்து முடிக்கும்வரை முன்வரிசையில் நில்லுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு உங்களைக் கூப்பிடப்போவது அவர்கள்தான்.