ஏடிபி மீட்டரில் நம்பகமான அளவு எடுப்பது எப்படி?

மேசை போன்ற பரப்பு எவ்வளவு சுத்தம் என்று சோதிக்கும் கருவி ஏடிபி மீட்டர். உயிருள்ள செல் எதுவானாலும் அதில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு இருக்கும். ஸ்வாபில் (பரப்பைத் தேய்த்தெடுக்கும் பஞ்சுமுனைக் குச்சி) உள்ள லூசிஃபெரேஸ் நொதி அதைப் பயன்படுத்தி, மின்மினியைப் போலவே ஒளி உண்டாக்கும். லூமினோமீட்டர், அதாவது இந்த மீட்டர், அந்த ஒளியை ஆர்எல்யூ (ஒப்பீட்டு ஒளி அலகு) எண்ணாகக் காட்டும். எண் கூடினால் அழுக்கு அதிகம்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஸ்வாபை உடனே பயன்படுத்தாதீர்கள். அறை வெப்பநிலைக்கு வரட்டும். நொதி குளிர்ந்திருந்தால் மந்தமாக வேலை செய்யும். எண் குறைந்து, அழுக்கு மேசைகூடச் சுத்தமாகத் தெரியும்.

10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரத்தில், பஞ்சு முனையை உருட்டிக்கொண்டே முதலில் குறுக்காக, பிறகு நெடுக்காகத் தேயுங்கள். முனையில் விரல் பட்டால் அந்த ஸ்வாப் வீண்: தோலில் இருக்கும் ஏடிபியே எண்ணை ஏற்றிவிடும். அடுத்து ஸ்வாப் குழாயில் உள்ள வினைப்பொருளை (நொதி உள்ள திரவத்தை) முனைமேல் இறக்கி, சில விநாடி குலுக்கி, மீட்டரில் போட்டு மூடியைச் சாத்துங்கள். ஒளி மங்கிக்கொண்டே போகும். அதனால் குலுக்குவதற்கும் அளப்பதற்கும் இடையிலான நேரம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கட்டும். மீட்டரைச் சாய்க்க வேண்டாம். திரவம் உணரிக்கு எதிரே நிற்காது.

பெரிய ஏமாற்று, பிளீச். மிச்சமிருக்கும் குளோரின் நொதியைக் கெடுத்து எண்ணைத் தாழ்த்தும். சந்தேகமாக இருந்தால் அலசி, உலரவிட்டு மறுபடி எடுங்கள்.

எண் உயர்ந்தால் பாக்டீரியா என்று முடிவு கட்டவும் கூடாது. உணவுத் துணுக்கிலும் ஏடிபி உண்டு. வைரஸில் அது இல்லாததால் மீட்டருக்கு வைரஸ் தெரியவே தெரியாது. வேறு நிறுவன மீட்டரின் ஆர்எல்யூவோடு ஒப்பிடாதீர்கள், அளவுகோலே வேறு.