கியர் பாக்ஸ் வாங்கும் முன் சாக்பீஸ் சோதனை
பழைய பிக்கப்புக்கு அஞ்சு ஸ்பீடு கியர் பாக்ஸ் ஒண்ணு வாங்குறதுக்கு முன்னாடி, கடையிலேயே தரையில வெச்சு ஃபர்ஸ்ட் கியர் போடுங்க. அவுட்புட் ஃபிளாஞ்சுல (பின் சக்கரத்துக்குப் போற தண்டு மாட்டுற வட்டத் தட்டு) சாக்பீஸ் கோடு ஒண்ணு போடுங்க. அது ஒரு முழுச் சுத்து வர, இன்புட் ஷாஃப்ட்டை (என்ஜின் பக்கம் நீட்டிட்டிருக்கிற தண்டு) கையால எத்தனை சுத்து சுத்துறீங்களோ அதுதான் விகிதம். பழைய பாக்ஸுக்கும் இப்படியே பாருங்க.

கிரவுன் பினியன் (பின் அச்சுல டிஃபரன்ஷியலுக்குள்ள இருக்கிற பல்சக்கர ஜோடி) அதேதான்கிறதால, வாங்குற பாக்ஸுல சுத்து குறைஞ்சா இழுவையும் அதே அளவு குறையும். 4 சுத்து 3.5 ஆனா எட்டுல ஒரு பங்கு போச்சு. உர மூட்டை ஏத்திக்கிட்டு ஊட்டி பக்கத்துக் கல்லட்டி மலைப்பாதையோட 36 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது கிளட்ச் கருகும். இறக்கத்துல என்ஜின் பிடிப்பும் குறையும். (அஞ்சாவது கியர் சுகமெல்லாம் மேட்டுப்பாளையம் இறங்கின பிறகுதான்.)

டிஃபரன்ஷியலையும் மாத்துறீங்கன்னா இந்தக் கணக்கு மட்டும் போதாது. பெல் ஹவுசிங் (என்ஜினோட பாக்ஸ் சேர்ற மூடி), கிளட்ச் ஸ்பிளைன் (கிளட்ச் தட்டு மாட்டுற தண்டுப் பற்கள்) பொருந்துமான்னும் இது காட்டாது.