விசாரணைக் குழுவோடு பணியாற்றும் தடயவியல் உளவியலாளருக்கு: சைக்கோபதியையும் வன்முறைக் குற்றவாளிகளையும் விளக்கும் முறை

காவல்துறையிலிருந்து அழைப்பு வரும்போது பெரும்பாலும் முதலில் வந்து விழும் கேள்வி, "இந்த ஆள் சைக்கோவா, இல்லையா?" என்பதுதான். அந்தக் கேள்வியை அப்படியே ஏற்றுக்கொண்டு பதில் தேடப் புறப்பட்டால், எழுதப்போகும் அறிக்கையால் விசாரணைக்குப் பயன் இராது. சில வேளைகளில் கேடும் விளையும். ஒருவர் மீது முத்திரை குத்தப்பட்டுவிட்டது என்பதற்காக, விசாரணை அதிகாரி மறுநாள் காலையில் செய்யவிருக்கும் வேலையில் எதுவும் மாறிவிடாது. சந்தேக நபரிடம் எப்படிப் பேசுவது, எந்தச் சான்றை எந்தக் கட்டத்தில் முன்வைப்பது, சாட்சிகளுக்கு அவரால் ஆபத்து உண்டா என்பன போன்ற முடிவுகளில்தான் உளவியலாளரின் அறிவு கைகொடுக்கும். ஆகவே, "என் பதிலை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள், கிடைக்கும் விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்திலேயே உங்கள் பங்கையும் வரையறுத்துவிட வேண்டும். விசாரணைக் குழுவுக்கு ஆலோசனை கூறியவரே, பின்னர் அதே சந்தேக நபரை நீதிமன்றத்துக்காக மதிப்பீடு செய்யக் கூடாது. அவருக்குச் சிகிச்சை அளிப்பவராகவும் இருக்கக் கூடாது. எப்போதாவது நேரில் சந்தித்து மதிப்பீடு செய்ய நேர்ந்தால், யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்பதையும், சொல்லப்படுவது இரகசியமாக இருக்காது என்பதையும் முதல் வாக்கியத்திலேயே அவரிடம் தெரிவித்துவிடுங்கள்.

குழுவுக்கு முதலில் தெளிவாக்க வேண்டியவை

அதிகாரிகள் மனத்தில் இரண்டு வேறு நிலைகள் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பது வழக்கம். உண்மை நிலையிலிருந்து அறுபட்டு, இல்லாத குரல்களைக் கேட்டு, தன்னை யாரோ கொல்லச் சதி செய்வதாக நம்புபவர் மனநோய்க்கு ஆளானவர். அவருக்கு உடனடியாக மருத்துவரின் உதவி வேண்டும். சைக்கோபதியோ ஆளுமையின் அமைப்பு. அத்தகையவர் தான் செய்வதை அறிந்தே செய்கிறார். பிறர் படும் துன்பம் அவர் மனத்தில் பதிவதில்லை. 1941-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி இந்த ஆளுமையை விரிவாக விவரித்தார். பின்னர் கனடாவின் உளவியலாளர் ராபர்ட் ஹேர் அதை அளக்க ஒரு மதிப்பீட்டுக் கருவியை உருவாக்கினார். அதில் 20 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண் தரப்படுகிறது. மொத்தம் 40-இல் 30-ஐ எட்டினால் சைக்கோபதி எனக் கொள்வது வட அமெரிக்க வழக்கம். ஐரோப்பிய ஆய்வுகளில் 25 என்ற எல்லையும் பயன்படுகிறது. ஆக, இது இருக்கிறது, இல்லை என்று பிளக்கும் கோடன்று. ஏறி இறங்கும் ஓர் அளவு.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேட்டில் சைக்கோபதி தனி நோயாக இடம்பெறவில்லை. அங்குள்ளது சமூக விரோத ஆளுமைக் கோளாறு. பெரும்பாலும் நடத்தையை வைத்தே கணிக்கப்படும் அந்தக் கோளாறு சிறைவாசிகளிடையே மிகப் பரவலாகக் காணப்படுகிறது. அவர்களில் சைக்கோபதி எல்லையைத் தொடுபவர்கள் ஒரு சிறு பகுதியினர்தாம். கொடூரமாகக் கொன்றவர் என்பதாலேயே ஒருவர் சைக்கோபதி உடையவர் ஆகிவிடமாட்டார். சைக்கோபதிக் கூறுகள் மிகுந்தும் வாழ்நாள் முழுவதும் யார் மீதும் கை வைக்காதவர்களும் உண்டு.

கோப்பு முதலில், ஆள் பிறகு

ஹேரின் கருவியை முறையான பயிற்சி பெற்றவர் மட்டுமே கையாள வேண்டும் என்பதும், நேர்காணலை மட்டும் நம்பி அதில் மதிப்பெண் இடக் கூடாது என்பதும் விதிகள். காரணம் எளியது. இயல்பாகவே பொய் சொல்லும் பழக்கமும், மேம்போக்கான வசீகரமும் அந்த 20 கூறுகளுக்குள்ளேயே அடங்குகின்றன. அளக்கப்படுபவரின் வாய்மொழியையே அளவுகோலாக்கினால் என்ன மிஞ்சும்? எனவே சந்தேக நபரின் காணொளிப் பதிவைப் பார்ப்பதற்கு முன்பாகவே, பள்ளிப் பதிவுகள், வேலைகளில் சேர்ந்து விலகிய வரலாறு, முன்னாள் துணைவர்களின் வாக்குமூலங்கள், பழைய புகார்கள், மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அவர் ஒரே நிகழ்வை வெவ்வேறு ஆட்களிடம் எப்படியெல்லாம் மாற்றிச் சொல்லியிருக்கிறார் என்பதை நாள்வாரியாக எழுதிப் பாருங்கள். அந்த ஒரு தாள், விசாரணை அதிகாரிக்கு உங்கள் முழு அறிக்கையைவிட அதிகம் பயன்படலாம்.

சம்பவ இடம் சொல்வதும் சொல்லாததும்

வன்முறையை ஆதாயம் தேடிச் செய்வது, சினத்தால் வெடித்துச் செய்வது என இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது இத்துறையின் வழக்கம். ஆயுதம் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதா, அங்கிருந்தே எடுக்கப்பட்டதா? தாக்குதலுக்கு முந்தைய சில நிமிடங்களில் வாக்குவாதம் நடந்ததா? தாக்கியவர் அதன் பிறகு எங்கே போனார், என்ன செய்தார்? இக்கேள்விகளுக்கான விடைகள் அந்தச் செயல் எந்த வகையை நோக்கிச் சாய்கிறது என்பதைக் காட்டும்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. கனடாவில் கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற 125 பேரை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வில், சைக்கோபதி உடையவர்கள் செய்த கொலைகளில் சுமார் 93 விழுக்காடு முதன்மையாக ஆதாயத்துக்காகத் திட்டமிட்டுச் செய்யப்பட்டவை எனத் தெரியவந்தது. பலரும் அந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். மற்ற கொலையாளிகளிடமும் அதே விகிதம் சுமார் 48 விழுக்காடாக இருந்தது. அவர்கள்தாம் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் என்பதால், திட்டமிட்ட கொலை ஒன்றைக் கண்டவுடன் செய்தவர் சைக்கோபதி உடையவர் என்று பின்னோக்கி ஊகிப்பது தவறு. இதை எண்களோடு குழுவுக்கு விளக்குங்கள். வெறும் எச்சரிக்கையாகச் சொன்னால் காதில் ஏறாது.

சம்பவ இடத்தைப் பார்த்துக் குற்றவாளியின் சித்திரத்தை வரைந்து தரும் பணியில் மிகுந்த அடக்கம் வேண்டும். 1992-இல் லண்டனின் விம்பிள்டன் பொதுவெளியில் ரேச்சல் நிக்கல் என்ற இளம்பெண் தன் சிறு மகனின் கண்ணெதிரே கொல்லப்பட்டார். உளவியலாளர் ஒருவர் வரைந்த சித்திரத்துக்குப் பொருந்துவதாகக் கருதப்பட்டவரிடம், காவல்துறை ஒரு பெண் அதிகாரியை அடையாளம் மறைத்துப் பழகவிட்டது. அந்தத் திட்டத்தை வகுக்க உதவியவரும் அதே உளவியலாளர்தான். அப்படித் திரட்டிய சான்றுகளை 1994-இல் நீதிபதி ஏற்க மறுத்ததால் வழக்கு சரிந்தது. 2008-இல் ராபர்ட் நாப்பர் என்ற வேறொருவர் அக்குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் மனச்சிதைவு நோய்க்கு ஆளானவர். விசாரணை தவறான ஆளின் மீது நிலைகுத்தி நின்ற 1993-இல், அவர் இன்னொரு பெண்ணையும் அவருடைய நான்கு வயது மகளையும் கொன்றிருந்தார். சித்திரத்தை வரைபவரே சோதனையையும் வகுத்து, அதன் முடிவையும் தீர்ப்பிடும் நிலை வந்தால், அந்தச் சித்திரத்தைத் தவறென்று காட்ட யாரும் மிச்சமிருப்பதில்லை.

விசாரணை அறைக்கான ஆலோசனை

உளவியலாளரின் உதவி மிகுதியாகப் பலிப்பது இங்கேதான் என்பது என் கருத்து. அனுபவமிக்க அதிகாரிகள் பலருக்கும் கைவந்த உத்தி, குற்ற உணர்வைத் தூண்டுவது. "அந்தப் பெண்ணின் தாய் எப்படித் துடிக்கிறார் தெரியுமா?" என்று கேட்டால், பெரும்பாலானோர் ஏதோ ஒரு வகையில் கலங்குவார்கள். சைக்கோபதிக் கூறுகள் மிகுந்தவருக்கு அந்தக் கேள்வி ஒரு தகவலை மட்டுமே தருகிறது: எதிரே இருப்பவரிடம் சான்று போதவில்லை, ஆகவே உணர்ச்சியைக் கையில் எடுக்கிறார். குரலை உயர்த்துவதும் அப்படித்தான். அதிகாரி நிதானம் இழந்த அந்தக் கணத்திலேயே அறையின் பிடி கைமாறிவிடுகிறது.

மாறாக, அவருடைய நீண்ட பேச்சையே விசாரணைக்குச் சாதகமாக்கக் கற்றுக்கொடுங்கள். "அன்று மாலை நீங்கள் எடுத்த முடிவுகளை, எதையும் விடாமல், வரிசையாகச் சொல்லுங்கள்" என்று தொடங்கி, குறுக்கிடாமல் கேட்க வேண்டும். தன் திறமையைப் பற்றி மிகையான எண்ணம் உடையவர், கேட்பதற்கு ஆள் கிடைத்தால் விவரங்களை அடுக்கிக்கொண்டே போவார். ஒவ்வொரு விவரமும் பின்னர் சரிபார்க்கத்தக்க ஒன்றாகப் பதிவாகிவிடும். கையிலுள்ள சான்றுகளை முதலிலேயே மேசையில் கொட்டிவிடாமல், அவர் தன் கதையை முழுமையாகச் சொல்லி முடித்த பிறகு, ஒவ்வொன்றாக, அமைதியான குரலில் முன்வைத்து விளக்கம் கேட்பது நல்லது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990-களின் தொடக்கத்திலிருந்து பயிற்றுவிக்கப்படும் விசாரணை முறையும், ஒப்புதல் வாக்குமூலத்தைப் பிழிந்தெடுப்பதைவிட நம்பகமான தகவலைத் திரட்டுவதையே இலக்காகக் கொண்டது.

விசாரிப்பவர் பேசும்போது இன்னொருவர் கவனிப்பவராக மட்டும் இருக்கட்டும். எந்தத் தலைப்பில் பேச்சு திசை மாறியது, எப்போது அவர் திருப்பிக் கேள்வி கேட்கத் தொடங்கினார், எப்போது அதிகாரியைப் புகழ்ந்தார் என்பவற்றை நேரத்தோடு குறித்துக்கொள்வதே அவர் வேலை. இடைவேளையில் அந்தக் குறிப்பைப் பார்க்கும்போதுதான், "நல்லபடியாகத்தானே பேசிக்கொண்டிருந்தோம்" என்று நினைத்த அதிகாரிக்கு, கடந்த இருபது நிமிடங்களாகக் கேள்வி கேட்டவர் யார் என்பது புரியும்.

இரண்டு எச்சரிக்கைகளைத் தவறாமல் சேருங்கள். முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் மிகக் குறைவு. ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான பகுப்பாய்வில் மனிதர்களின் துல்லியம் சுமார் 54 விழுக்காடுதான், அதாவது நாணயத்தைச் சுண்டிப் போடுவதைவிடச் சற்றே மேல். மற்றொன்று, உணர்ச்சி காட்டாததைக் குற்றத்தின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது. அதிர்ச்சியில் உறைந்தவரும், ஆட்டிசம் உடையவரும், மிரண்டுபோன நிரபராதியும்கூட வெறித்த முகத்தோடு அமர்ந்திருக்கலாம்.

எதிர்கால ஆபத்து பற்றிக் கேட்டால்

"வெளியே விட்டால் மீண்டும் செய்வாரா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் கூற வேண்டாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983-இல் தீர்ப்பளித்த ஒரு மரண தண்டனை வழக்கில், மனநல மருத்துவர்களின் நீண்டகால வன்முறைக் கணிப்புகளில் மூன்றுக்கு இரண்டு தவறாகப் போகின்றன என்று அத்துறையின் சங்கமே முறையிட்டது. இன்று பரவலாகப் பயன்படும் இடர் மதிப்பீட்டுக் கருவிகளில் ஒன்று, கடந்த கால வரலாற்றுக்கு 10, தற்போதைய மனநிலைக்கு 5, இனிவரும் சூழலைக் கையாள்வதற்கு 5 என 20 காரணிகளை முன்வைத்து, எந்தச் சூழலில், யாருக்கு, எவ்வகையான ஆபத்து என்று சிந்திக்க வைக்கிறது. பதிலும் அந்த வடிவிலேயே அமையட்டும். நேரில் பார்த்து மனத்தில் பதிந்த எண்ணத்தை நம்பக் கூடாது என்பதற்கு, கனடாவின் சிறைவாசிகளைப் பற்றி 2009-இல் வந்த ஓர் ஆய்வு சான்று: சைக்கோபதி மதிப்பெண் மிகுந்தவர்களே மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாக நிபந்தனை விடுதலை பெற்றிருந்தார்கள்.

அறிக்கை

"இவர் ஒரு சைக்கோபத்; எதற்கும் துணிந்தவர்" என்று எழுதுவதால் யாருக்கும் பயன் இல்லை. "தனக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களைக் கடந்த காலத்தில் மூன்றாம் நபர்கள் மூலம் தொடர்புகொண்டுள்ளார், ஆகவே தற்போதைய சாட்சியின் முகவரி அவருக்கோ அவருடைய நண்பர்களுக்கோ தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதினால், அதிகாரி அன்றே செய்யக்கூடிய ஒரு வேலை கிடைக்கிறது. ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில் அது எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்பதையும், அந்தக் கருத்தைப் பொய்யாக்கக்கூடிய தகவல் எதுவாக இருக்கும் என்பதையும் குறிப்பிடுங்கள்.

யார் கேட்டு எழுதினீர்கள் என்பதையும் மறைக்காதீர்கள். 2013-இல் வெளியான ஒரு பரிசோதனையில், ஒரே வழக்குக் கோப்புகளைப் படித்த நிபுணர்களில், அரசுத் தரப்புக்காக வேலை செய்வதாக நம்பியவர்கள், எதிர்த் தரப்புக்காக வேலை செய்வதாக நம்பியவர்களைவிட, அதே குற்றவாளிகளுக்குக் கூடுதல் இடர் மதிப்பெண் இட்டார்கள். அவர்கள் நேர்மையற்றவர்கள் அல்லர். தம் சாய்வை உணராதவர்கள். உங்களுக்குக் காட்டப்பட்ட ஆவணங்களின் பட்டியலையும், கேட்டும் கிடைக்காதவற்றின் பட்டியலையும் அறிக்கையோடு இணையுங்கள். புதிய சான்று வந்தால் மறு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்றும், எழுதப்பட்ட நோக்கத்தைத் தவிர வேறெதற்கும் இதை உங்களிடம் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்றும் முதல் பக்கத்திலேயே எழுதிக் கையொப்பமிடுங்கள்.